வெள்ளைச்சட்டை சுவாசித்த காற்று

கரித்தூள் ஆலையில் வேலை பார்க்கிறவன் வெள்ளைச் சட்டையோடு வந்து, அதே வெள்ளையோடு வீட்டுக்குத் திரும்பினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தான் செய்வார்கள். வேலையில் டிமிக்கி கொடுக்கிறான் என்பார்கள் சிலர். மேலிடத்துக்குக் காக்கா பிடிக்கிறான் என்பார்கள் சிலர். இரண்டும் இல்லை. அவன் சுபாவமே அது. அவன் சாப்பிட்டு முடித்த தட்டைப் பார்த்தால் இனிமேல்தான் பரிமாற வேண்டுமோ என்று சந்தேகம் வரும். வெள்ளைச்சட்டை என்று யார் பேர் வைத்தார்களோ தெரியாது, அவன் பெண்டாட்டியே கோபம் வந்தால் அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

நான் அந்த ஆலையின் உடுப்பறையில் பதினாலு வருஷம் இருந்தவள். மேலங்கி, கையுறை, முகமூடி எல்லாம் என் கையிலிருந்துதான் உள்ளே போகும். என்னைவிட மூத்தவர்கள்கூட என்னை அக்கா என்றே கூப்பிட்டார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பேசியிருக்க வேண்டிய காலத்தில் இந்த வாய் பூட்டுப் போட்ட மாதிரி மூடிக் கிடந்தது.

ஆலையில் என்ன செய்தோம் என்று கேட்டால் இவ்வளவுதான். மூன்று மாடி உயரத்துக்கு ஓர் எஃகு உலை. உள்ளே எழுநூறு டிகிரிச் சூடு. அடியில் மாவு மாதிரி ஒரு பொடி, அதில் இரும்புத் துகள் கலந்திருக்கும். கீழிருந்து வாயுவை ஊதினால், வாயுவிலிருக்கும் கரி அந்த இரும்பைப் பிடித்துக்கொண்டு முடி முளைக்கிற மாதிரி முளைக்கும். ஒவ்வொரு முடியும் உள்ளே பொள்ளலான குழாய் என்று பொறியாளர்கள் சொல்வார்கள். கார்பன் நானோகுழாய் என்று மூட்டையில் அச்சடித்திருக்கும். எங்களில் ஒருவரும் குழாயைப் பார்த்ததில்லை. எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது கறுப்புப் பஞ்சு, அதனால் பஞ்சு என்றே சொன்னோம். கார் பாட்டரிக்குள் போகிறது என்றார்கள், விமானத்துக்குள் போகிறது என்றார்கள். எங்கள் மூக்குக்குள் போனதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஆள் உயர மூட்டையை ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம், அவ்வளவு லேசு. வினையே அதில்தான். ஆறின பஞ்சு ஒரு பெரிய கூம்புத் தொட்டியில் வந்து சேரும். தொட்டியின் வாயில் மூட்டையை மாட்டினால் அது தானாக இறங்க வேண்டும். இறங்காது. வாயை அடைத்துக்கொண்டு மேலேயே நிற்கும். ரப்பர் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மேல்மூடியைத் திறந்து நீளக் கம்பியால் குத்துவார்கள். மூடியைத் திறக்கக் கூடாது என்று சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது. எழுதினவர் ஒருநாள் வந்து, மூடியைத் திறக்காமல் ஒரு ஷிப்டுக்கான மூட்டைகளை நிரப்பிக் காட்டியிருந்தால் நானும் அந்த எழுத்துக்கு மரியாதை கொடுத்திருப்பேன். திறந்ததும் பஞ்சு குப்பென்று கிளம்பும். சட்டைக் கைக்குள், கழுத்துக்குள், முகமூடி ஓரத்துக்குள் எல்லாம் தானாகவே ஊர்ந்து போகும்.

அந்தத் தொட்டியடியில் ஆறு பேர். வெள்ளைச்சட்டை அவர்களில் மூத்தவன். எடை பார்த்து மூட்டை வாயை ஒட்டுவது அவன் வேலை. கம்பியால் குத்துவது அவன் மச்சினன் வேலை, பெண்டாட்டியின் தம்பி. ஆறு பேரில் உயரமானவன் அவன்தான், ஏணி இல்லாமலே மூடி எட்டும் என்பதற்காக அந்த வேலை அவன் தலையில் விழுந்தது. அவனை ஆலைக்குள் கொண்டுவந்ததே வெள்ளைச்சட்டைதான். மேலதிகாரியிடம் ஆறு தடவை நடந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்று வாங்கிக்கொடுத்த வேலை. மச்சினன் வாய் ஓயாதவன். முகமெல்லாம் கரியோடு என் அறை வாசலில் வந்து நின்று, "அக்கா, இன்னைக்கு நான் மாமாவைவிட வெளுப்பா இருக்கேன்ல?" என்று பல்லை மட்டும் காட்டுவான். அவன் இப்போது இல்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பம்ப் நாள் வரும். இடுப்பில் மாட்டுகிற சின்னப் பெட்டி. அதிலிருந்து ஒரு குழாய் சட்டைக் காலர் வரைக்கும் போகும். காலரில் ஒரு வில்லை, அதற்குள் காசளவு வெள்ளை ஃபில்டர். ஆள் எந்தக் காற்றை இழுக்கிறானோ அதே காற்றைப் பெட்டியும் எட்டு மணி நேரம் இழுக்கும். ஃபில்டரை வெளியே ஒரு பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்புவார்கள். அங்கே அதில் ஒட்டியிருக்கும் இழைகளை எண்ணி, இந்த ஆள் சுவாசித்த காற்றில் இவ்வளவு என்று தாளில் எழுதி அனுப்புவார்கள். சட்டத்தில் எழுதியிருக்கிற அளவுக்கு மேலே போனால் லைனை நிறுத்த வேண்டும்.

மச்சினன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பக்கத்து லைனில் ஒருமுறை அப்படித்தான் மேலே போனது. புகைபோக்கியை மாற்றுகிறோம் என்று ஐந்து வாரம் நிறுத்தினார்கள். அங்கே இருந்த அறுபது பேரும் வீட்டில் உட்கார்ந்தார்கள். திரும்பி வந்தபோது நாற்பது பேருக்குத்தான் இடமிருந்தது. அதை எங்கள் ஆட்களும் பார்த்தார்கள். அடுத்த பம்ப் நாளில் யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சூப்பர்வைசர் பெட்டியை வெள்ளைச்சட்டையிடம் கொடுத்தார். அவன் மாட்டிக்கொண்டு நேராக என் உடுப்பறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"என்னடா, உள்ள போகலயா?" என்று கேட்டேன்.

"இன்னைக்கு உங்களுக்கு ஒத்தாசை பண்றேன்கா."

அன்று எட்டு மணி நேரமும் சலவையிலிருந்து வந்த மேலங்கிகளை மடித்துக் கொடுத்தான். விளிம்போடு விளிம்பு பொருந்த, பெட்டியில் வாங்கின புதுத்துணி மாதிரி மடிப்பான். இடுப்பில் பெட்டி ரீங்காரம் போட்டுக்கொண்டே இருந்தது. ஃபில்டர் என் அறைக் காற்றை, சோப்பு வாசத்தை இழுத்துக்கொண்டு சுத்தமாகப் போனது. அதற்கப்புறம் அது வழக்கமாகிவிட்டது. பம்ப் நாள் என்றால் வெள்ளைச்சட்டை என் ஸ்டூலில் இருப்பான். மச்சினன் எட்டிப்பார்த்து, "மாமாவுக்கு நாய்ப்பட்டை கட்டியாச்சா? கடிக்காம பாத்துக்கங்க அக்கா" என்று சிரித்துவிட்டுத் தொட்டியடிக்குப் போவான். நானும் சிரிப்பேன். உண்மையைச் சொல்கிறேன், பேச்சுத்துணைக்கு ஆள் கிடைத்ததே என்று அந்த நாளுக்காகக் காத்திருந்திருக்கிறேன். இதை நினைத்தால் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

வெள்ளைச்சட்டைக்கு உறுத்தவில்லையா என்றால், இல்லை. அவன் பார்வையில் அது பொய்யே இல்லை. எங்கள் லைனின் அறுபது குடும்பத்துச் சோற்றைத் தன் காலரில் மாட்டிக்கொண்டு பத்திரமாக உட்கார்ந்திருப்பதாக நினைத்தான். பெருமைகூட இருந்தது அவனுக்கு.

சேர்ந்த ஏழாவது வருஷம் மச்சினனுக்கு இருமல் வந்தது. எட்டாவது வருஷம் அவன் மூடியைத் திறந்து நாலு குத்துக் குத்திவிட்டுத் தரையில் உட்கார ஆரம்பித்தான். ஒன்பதாவது வருஷம் என் அறை வாசலுக்கு நடந்து வந்தால் பேச்சு வராது, கையை மட்டும் ஆட்டுவான். படம் எடுத்துப் பார்த்தார்கள், துண்டு வெட்டிப் பார்த்தார்கள். நுரையீரல் தழும்பு விழுந்து இறுகிக்கொண்டே வருகிறது, திரும்ப இளகாது என்றார் டாக்டர். வெட்டின துண்டில் கறுப்பாகப் பொட்டுப் பொட்டாக இருந்ததாம். இது ஆலைப் பஞ்சுதானே என்று கேட்டதற்கு, "உள்ள என்ன இருக்குன்னு நான் எழுதலாம். எங்கேருந்து வந்துச்சுன்னு என்னால எழுத முடியாது" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. தனக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

எங்கேருந்து வந்தது என்பதில்தான் எல்லாமே இருந்தது. வேலையால் வந்த நோய் என்று எழுதிவிட்டால் சாகும்வரை வைத்தியமும் ஆக்சிஜனும் ஆலையின் பொறுப்பு. ஆலைக் குடியிருப்பில் இருக்கிற வீட்டில் அவன் பெண்டாட்டியும் நாலு வயது மகளும் இருந்துகொள்ளலாம். எழுதாவிட்டால் வேலைக்கு லாயக்கில்லாதவன் என்று மூன்று மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதைத் தீர்மானிக்க அரசாங்கத்தில் மூன்று பேர் கொண்ட ஒரு குழு இருந்தது. மனுப் போட்டார்கள். ஆலை தன் பதிலோடு ஒன்பது வருஷத்துப் பரிசோதனைத் தாள்களைக் கட்டாகக் கட்டி அனுப்பியது. தொட்டியடிக் காற்று சுத்தம், ஆஸ்பத்திரிக் காற்றைவிடச் சுத்தம் என்று முன்பக்கத்தில் ஒரு கடிதம்.

அந்தக் கடிதத்தின் நகல் வந்த அன்று மத்தியானம் வெள்ளைச்சட்டை என் அறைக்கு வந்தான். ஸ்டூலில் உட்காரவில்லை. நின்றுகொண்டே பேசினான்.

"அக்கா, அந்தத் தாளெல்லாம் என் காத்து."

"தெரியும்."

"நான் போய்ச் சொல்லிடப் போறேன்."

"சொன்னா உன் வேலை போயிடும்டா."

"போகட்டும். நான்தான கூட்டிட்டு வந்து அந்தத் தொட்டிக்கடியில நிறுத்தினேன். ராத்திரி அவன் இழுக்குற மூச்சு சுவத்துக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் கேக்குது. எங்க வீட்டுல அவ பேசுறதே இல்ல, அந்தச் சத்தத்தையே கேட்டுட்டு உக்காந்திருக்கா." மடித்து வைத்திருந்த ஒரு மேலங்கியின் விளிம்பைச் சரி செய்தான். "நான் மட்டும் சொன்னா மச்சினனுக்காகப் பொய் சொல்றேன்னு சொல்லுவாங்க. நீங்க பாத்தவங்க."

நான் உடனே சரி என்று சொல்லவில்லை. சொன்னேன் என்று எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது, ஆனாலும் சொல்லவில்லை. எனக்கு ஓய்வுக்கு இரண்டு வருஷம்தான் பாக்கி. யோசிச்சுச் சொல்றேன் என்றேன். மூன்று நாள் அவன் முகத்தைப் பார்க்காமல் கையுறை கொடுத்தேன். நாலாவது நாள் மச்சினனின் பெண்டாட்டி அவனுடைய மேலங்கி, பூட்ஸ், முகமூடி எல்லாவற்றையும் துவைத்து ஒரு பையில் போட்டு எடுத்து வந்து, இதெல்லாம் திருப்பிக் கொடுக்கணுமாமே அக்கா என்று நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். சாயங்காலம் வெள்ளைச்சட்டையிடம் போய், நானும் வந்து சொல்கிறேன் என்றேன்.

குழுவின் அறையில் நீள மேசை, மேசைமேல் தண்ணீர் ஜாடி, அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் தலைவர், ஓய்வு பெற்ற நீதிபதியாம். ஒரு பக்கம் டாக்டரம்மா ஒருவர், இன்னொரு பக்கம் தொழிற்சாலை ஆய்வாளர். ஆலைக்காக ஒரு வக்கீல். மச்சினனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்திருந்தோம், மடியில் ஆக்சிஜன் குப்பி.

வெள்ளைச்சட்டை எழுந்து எல்லாவற்றையும் சொன்னான். எந்த வருஷம் தொடங்கியது, எந்த ஸ்டூல், எத்தனை மேலங்கி மடித்தான், ஒன்று விடாமல். வக்கீல் சிரித்தார். "சொந்த மச்சினனுக்காக வந்து பேசுறார், பாசம் புரியுது" என்றார். அப்புறம் நான் எழுந்தேன். ஆமாம், பம்ப் நாளெல்லாம் என் அறையில்தான் இருந்தான், ஒரு நாள்கூடத் தொட்டியடிக்குப் போகவில்லை என்றேன். இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார் வக்கீல். "பயம்யா. உங்களுக்கு வந்ததே இல்லையா?" என்றேன். டாக்டரம்மா குனிந்து ஏதோ எழுதுகிற மாதிரி சிரித்தார்.

தலைவர் எங்களை நம்பினார். அதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. நம்பாமல் விரட்டியிருந்தால் நாலு வசவு வைதுவிட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இவர்கள் சொல்வது உண்மை என்றே எனக்குப் படுகிறது, இவர் மாட்டியிருந்த முப்பத்தாறு சோதனைகளையும் நீக்குகிறேன் என்றார். வெள்ளைச்சட்டை மச்சினனின் தோளைப் பிடித்து அழுத்தினான். எனக்கும் ஒரு நிமிஷம் நெஞ்சு நிறைந்தது.

பிறகு அவர் கட்டைப் புரட்டினார். "மொத்தம் முப்பத்தேழு தாள் இருக்கு. இதுல ஒண்ணு மட்டும் வேற ஆள் மாட்டியிருக்கார்."

அந்தத் தாளில் இருந்தது மச்சினன் பேர். அப்போதுதான் எனக்கு அந்த நாள் ஞாபகத்துக்கு வந்தது. ஆறாவது வருஷம். வெள்ளைச்சட்டையின் பெண்டாட்டிக்குப் பித்தப்பையில் கல், ஆபரேஷனுக்காக அவன் ஒரு வாரம் லீவு. ஆள் குறைவு, என் அறையில் வந்து உட்கார யாருக்கும் நேரமில்லை. பெட்டியை மச்சினன் மாட்டிக்கொண்டு தொட்டியடியிலேயே நின்றான். அன்று பஞ்சு மூன்று தடவை அடைத்தது. மூன்று தடவையும் அவன்தான் மூடியைத் திறந்து குத்தினான். ஒன்பது வருஷத்தில் அந்தப் பெட்டி உண்மையான காற்றை இழுத்தது அந்த ஒரு நாள்தான்.

"எவ்வளவு வந்திருக்கு?" என்று வெள்ளைச்சட்டை கேட்டான்.

ஆய்வாளர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுப் படித்தார். ஃபில்டர் முழுக்கக் கறுத்துவிட்டதால் இழைகளைப் பிரித்து எண்ண முடியவில்லை, இந்தச் சோதனை செல்லாது, அதே ஆளுக்கு அதே வேலையில் மறுபடி எடுக்கவும்.

"எண்ண முடியாத அளவுக்குன்னா அது அளவுக்கு மேலதானேய்யா?" என்றேன். கூட்டத்தில் கத்தக் கூடாது என்று எனக்குத் தெரியும். கத்தினேன்.

"நீங்க சொல்றது புரியுதும்மா" என்றார் தலைவர். "ஆனா சட்டம் எண் கேக்குது. அளவுக்கு மேல ஒரே ஒரு எண் இருந்தாக்கூட நான் எழுதிடுவேன். மறுசோதனைன்னு போட்டிருக்கே, அதுல எண் வந்திருக்குமே?"

ஆய்வாளர் அடுத்த தாளை எடுத்தார். மறுசோதனையில் எண் வந்திருந்தது. மிகச் சுத்தமான எண். மாட்டியிருந்தது வெள்ளைச்சட்டை. ஏற்கெனவே நீக்கப்பட்ட முப்பத்தாறில் அதுவும் ஒன்று.

காற்று அளவுக்கு மேலே போனது என்று காட்ட ஒரு எண்கூட இல்லை, ஆகவே வேலையால் வந்த நோய் என்று நிரூபணமாகவில்லை என்று அன்றைக்கே எழுதிவிட்டார்கள். டாக்டரம்மா மட்டும் இதை ஒப்புக்கொள்ளவில்லை என்று தனியாக ஒரு பத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டார். நல்ல மனுஷி. அந்தப் பத்தியால் ஒரு வேளை ஆக்சிஜன்கூட வரவில்லை.

அதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதிவேட்டில் மோசடி செய்தான் என்று வெள்ளைச்சட்டையை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். எனக்கு ஓய்வைக் கொஞ்சம் முன்னாலேயே கொடுத்தார்கள், என் வாய்க்கு அது கம்மிதான். சூப்பர்வைசருக்கு எதுவும் ஆகவில்லை, அவர்தான் வாயைத் திறந்து யாரையும் எங்கேயும் உட்காரச் சொல்லவில்லையே. மச்சினன் வீட்டைக் காலி செய்து, இரண்டு குடும்பமும் நகரத்தின் மறுகோடியில் ஒரே வாடகை வீட்டில் நெருக்கியடித்து இருந்தார்கள். அங்கே வந்த ஏழாவது வாரம் மச்சினன் போய்ச் சேர்ந்தான். வெள்ளைச்சட்டை இப்போது ஒரு சலவைக்கடையில் துணி தேய்க்கிறான். அவனுக்கும் காலையில் இருமல் இருக்கிறது, டாக்டரிடம் போக மாட்டேன் என்கிறான். பெண்டாட்டி அவனோடு பேசுகிறாள், சாப்பாடு போடுகிறாள். வெள்ளைச்சட்டை என்று மட்டும் கூப்பிடுவதில்லை.

இதையெல்லாம் யாராவது கேட்டால் கோபமாகச் சொல்லிவிட முடிகிறது. சொல்ல வராதது அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் நடந்ததுதான். வண்டி வரட்டும் என்று உட்கார்ந்திருந்தோம். மச்சினன் நாற்காலியில், வெள்ளைச்சட்டை பெஞ்சு ஓரத்தில், நான் பக்கத்தில். வெள்ளைச்சட்டை தன் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"மறுசோதனை அன்னைக்கு சூப்பர்வைசர் பெட்டியை உன்கிட்டதான் கொடுத்தார், மாப்ள" என்றான்.

"ஆமா. மாட்டிட்டேன்."

"நான்தான் கழட்டினேன்."

எனக்கும் தெரியும். லீவு முடிந்து அன்றைக்குத்தான் வேலைக்கு வந்திருந்தான். போன தடவை ஃபில்டரைக் கறுப்பாக்கிவிட்டான் என்று சூப்பர்வைசர் மச்சினனை எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார். மறுபடியும் இவன் பேரில் கறுப்பு வந்தால் இவன்மேல்தான் பழி போடுவார்கள் என்று வெள்ளைச்சட்டை பயந்தான். மச்சினனிடமிருந்து பெட்டியையும் வில்லையையும் கழற்றித் தான் மாட்டிக்கொண்டு, தாளில் தன் பேரையே எழுதிவிட்டு என் அறைக்கு வந்தான். அன்று மடிக்கும்போது என்னிடம், "சின்னப்பய அக்கா, திட்டு வாங்கித் தர மனசு வரல" என்று சொன்னான். நான் அவனை மெச்சினேன். இப்படி ஒரு அக்கா புருஷன் யாருக்குக் கிடைக்கும் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

பெஞ்சில் அவன் அழுதுகொண்டிருந்தான், சட்டை நனைகிறதே என்று துடைக்கக்கூட இல்லை. மச்சினன் மூக்கிலிருந்த குழாயைச் சரி செய்துகொண்டான். இரண்டு மூன்று மூச்சு இழுத்துச் சேர்த்துக்கொண்டான். பேசுவதற்கு அவனுக்கு அவ்வளவு முன்னேற்பாடு வேண்டியிருந்தது. கோபமே இல்லாமல், கடையில் மறந்து விட்டுவிட்டு வந்த சாமானைப் பற்றிச் சொல்கிற குரலில் சொன்னான்.

"திட்டு வாங்கியிருக்கலாம், மாமா."